மீன்காரத் துரையின் கேடயம்

டெக்சாஸில் ஒரு ஏர்கண்டிஷனர் நின்றுபோனதால் நான் ஓர் ஆங்கிலப் பிரபு பட்டத்துக்குச் சாட்சி சொல்லும்படி ஆயிற்று. கேட்கிறவர்கள் நம்பமாட்டார்கள். எனக்கே இதை எழுதும்போதுதான் முழு நம்பிக்கை வருகிறது.

என் மகள் கிரேஸ் டல்லாஸுக்குப் பக்கத்தில் காப்பெல் என்ற ஊரில் இருக்கிறாள். அங்கே கோடையில் ஏ.சி. நின்றால் பாலும் மனுஷனும் ஒரே நேரத்தில் திரிந்துவிடும் என்பாள். அப்படி நின்ற ஒரு நாளில் ரிப்பேருக்கு வந்தவர் ஹாங்க் லோதர்பி என்ற எழுபது வயது வெள்ளைக்காரர். வேலை முடிந்து தண்ணீர் குடிக்கும்போது, சுவரில் நான் அனுப்பியிருந்த எங்கள் சபைக் காலண்டரைப் பார்த்திருக்கிறார். குன்னூர் என்று ஆங்கிலத்தில் போட்டிருந்ததை இரண்டு முறை வாசித்துவிட்டு, "என் கொள்ளுத்தாத்தாவை அங்கேதான் புதைத்திருக்கிறார்கள்" என்றாராம்.

அவர்களுக்குச் சாயங்காலம், எனக்குக் காலைக் காப்பி. போன் அடித்தது.

"அப்பா, நம்ம மீன் கல்லறை இருக்கில்ல? அதுக்குச் சொந்தக்காரர் இங்க எங்க வீட்டு ஏ.சி. ரிப்பேர் பண்ணிட்டு நிக்கிறாருப்பா!"

மீன் கல்லறை என்றால் சொல்ல வேண்டும். குன்னூரில் எங்கள் சபைக் கல்லறைத் தோட்டத்தில் பழைய துரைமார் கல்லறைகள் ஒரு வரிசை உண்டு. கல்லறைத் திருநாள் வந்தால் அவரவர் குடும்பக் கல்லறையைக் கழுவி வெள்ளையடித்துப் பூ வைப்பார்கள். துரைமாருக்கு யார் இருக்கிறார்கள்? அதனால் கமிட்டிக்காரர்கள் தலைக்கு இரண்டாகப் பங்கு பிரித்துக்கொள்வோம். என் பங்கில் விழுந்தவர் எட்வர்ட் லோதர்பி, காப்பித் தோட்டத் துரை. அவர் தலைமாட்டுக் கல்லில் ஒரு கேடயம் குழித்துச் செதுக்கியிருக்கும். கேடயம் முழுக்கப் படுக்கைக் கோடுகள், நடுவில் ஒரு மீன், மேலே இரண்டு கதிர்க்கட்டு. அந்தக் கோடுகளைத் தண்ணீர் என்றே நாங்கள் நினைத்தோம். தண்ணீர், மீன், அப்புறம் என்ன? ஊரில் அவருக்கு மீன்காரத் துரை என்று பெயர் விழுந்துவிட்டது. மலைமேல் மீன் வியாபாரம் செய்து கெட்டுப்போனவர் என்று, சர்ச்சைக் கூட்டி மணியடிக்கும் எங்கள் கோயில்பிள்ளை கூடவே இருந்து பார்த்தவர்போல் சொல்வார். வருஷா வருஷம் மீனுக்கு அலுமினியப் பெயிண்டும் கதிருக்கு மஞ்சளும் அடித்து வந்தேன். நன்றாகத்தான் இருந்தது.

கேடயத்தின் உச்சியில் ஒரு சின்னப் பள்ளமும் இருந்தது. சைப்ரஸ் கிளை விழுந்து கல் சிதறியதாக நினைத்தேன். ஓட்டை கண்டால் அடைப்பது எங்கள் வழக்கம். கமிட்டியில் அதற்கென்றே ஒரு டப்பா சிமெண்ட் இருக்கும். நானும் அடைத்து, தேய்த்து, மேலே வெள்ளையும் அடித்தேன். நல்ல வேலை செய்ததாக மனசுக்குள் ஒரு திருப்தி வேறு. பள்ளத்துக்கு ஐந்து முனை இருந்தது. சிமெண்ட் உள்ளே போகவில்லை என்று ஒவ்வொரு முனையிலும் தீக்குச்சியால் குத்தி அடைத்தேன். அதனால்தான் ஐந்து என்று நிச்சயமாகத் தெரியும்.

இப்போது ஹாங்க் எழுதிய கடிதத்துக்கு வருகிறேன். மூன்று பக்கம், எல்லாம் பெரிய எழுத்து. இங்கிலாந்தில் ஆல்டர்விக் பிரபு என்று ஒரு பட்டம். நாலு தலைமுறைக்கு முன் இருந்த பிரபுவுக்கு மூன்று மகன்கள். மூத்தவன் வழியில் பட்டம் இறங்கி இறங்கி வந்து, கடைசிப் பிரபு பிள்ளையில்லாமல் இறந்துவிட்டார். மிச்சம் இரண்டு தம்பிகளின் வழி. ஒருவர் எங்கள் எட்வர்ட். அவர் மகன் அமெரிக்காவுக்கு வந்து, பேரன் வழியில் இந்த ஹாங்க். இன்னொருவர் ஜார்ஜ், ஆடு மேய்க்க நியூசிலாந்து போனவர். அந்த வழியில் இப்போது ஆலன் லோதர்பி என்று ஒரு பல் டாக்டர். எட்வர்ட், ஜார்ஜ் இருவரில் யார் மூத்தவர் என்று யாருக்கும் தெரியாது. ஞானஸ்நானப் பதிவேடு ஈரத்தில் கூழாகிப் போயிற்றாம். மூத்தவர் வழிக்குத்தான் பட்டம்.

நம் பக்கத்துக்காரருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. திருவிழாவில் முதல் பரிவட்டம் எந்தப் பங்காளிக்கு என்று தேர் நின்றுபோன ஊர்கள் எத்தனை!

ஆனால் அவர்களிடம் ஒரு வசதி இருக்கிறது. குடும்பக் கேடயம் எல்லா மகன்களுக்கும் ஒன்றுதான். இத்தனையாவது மகன் என்று காட்ட உச்சியில் ஒரு சின்ன அடையாளம் வைப்பார்களாம். எட்வர்ட் கல்லறையில் அந்த அடையாளம் என்ன என்பதுதான் ஹாங்கின் கேள்வி. எந்த அடையாளம் எந்த மகனுக்கு என்பதை மட்டும் அவர் எழுதவில்லை. லண்டன் வக்கீல் சாட்சிக்குச் சொல்லிக்கொடுக்கக் கூடாது என்று கண்டித்திருக்கிறார்.

கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, ஸ்குரூ டிரைவரோடு கல்லறைக்கு ஓடினேன். சிமெண்டைத் தோண்டினேன். கல்லும் சேர்ந்து பெயர்ந்து வந்தது. மிஞ்சியது ஒரு உருண்டைக் குழி. பிரபு குடும்பத்தின் ஒரே அத்தாட்சியை முதலில் அடைத்தவனும் நான்தான், பிறகு உடைத்தவனும் நான்தான். இனி அந்த அடையாளம் இருந்தது என் ஞாபகத்தில் மட்டும்.

மெல்லிய தாளை விரித்துக் கறுப்பு மெழுகுக்கட்டியால் தேய்த்துக் கேடயத்தைப் படியெடுத்தேன். மீன் வந்தது, கதிர் வந்தது, கோடுகள் வந்தன. உச்சியில் வெள்ளையாக ஒரு வட்டம். "நான் தெரியாமல் சிமெண்ட் வைத்து அடைத்து, பிறகு தோண்டியதில் அடையாளம் சிதைந்துவிட்டது. முன்பு நான் பார்த்திருக்கிறேன். நேரில் வந்து சொல்கிறேன்" என்று ஹாங்குக்கு எழுதினேன். எப்படியும் மருமகள் பிரசவத்துக்கு அமெரிக்கா போகவேண்டியிருந்தது.

இப்படியாகத்தான் தொண்ணூற்றெட்டில் நானும் என் வீட்டுக்காரி ரூபியும், ஊறுகாய், பிரசவ லேகியம், ஒரு பிளாஸ்டிக் குழாய்க்குள் சுருட்டிய கேடயம் ஆகியவற்றோடு நியூஜெர்சி வந்து இறங்கினோம்.

மகன் சாம் அங்கே பிஸ்கட்டவே என்ற ஊரில் இருக்கிறான். முதல் நாள் முழுக்கத் தூங்கினேன். இரண்டாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனால் பேரன் வந்துவிட்டிருந்தான். கண்ணாடித் தொட்டிலில் ஒரு அட்டை கட்டியிருந்தது. அதில் கொட்டை எழுத்தில் 'தேவசகாயம்'. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது என் பெயர்.

"உயிரோட இருக்கிறவன் பேரை எதுக்குடா வச்சிருக்கீங்க?"

"பேரு இன்னும் வைக்கலப்பா. அது லாஸ்ட் நேம். எனக்கு லாஸ்ட் நேம் உங்க பேருதானே? அப்ப அவனுக்கும் அதேதான். இனிமே அவன் பிள்ளைக்கும் அதான்."

நம் ஊரில் என் அப்பா பெயர் எனக்கு இனிஷியல். என் பெயர் சாமுக்கு. ஒரு தலைமுறைக்கு ஒரு எழுத்து, அதோடு அது கழன்றுவிடும். இங்கே என் பெயர் கழலாமல் நின்றுவிட்டது. ரூபி குழந்தையைப் பார்த்து, "எல்லாருக்கும் இவரு பேரு. வலி மட்டும் நம்மளது" என்று மருமகளிடம் சொன்னாள். நர்சம்மாவுக்கு மொழிபெயர்த்துச் சொன்னபோது அவள் கையிலிருந்த பாட்டிலை வைத்துவிட்டுச் சிரித்தாள்.

அடுத்த மூன்று நாளும் ரூபி சமையலறையைப் பிடித்துக்கொண்டாள். சாம் என்னை எடிசனில் ஓக் ட்ரீ ரோட்டுக்குக் கூட்டிப்போனான். குஜராத்திக் கடை, தெலுங்குக்காரர் கடை, நடுவில் நம்ம ஆள் ஒருவர் நடத்தும் டிபன் கடை. தோசை நம் ஊரில் இரண்டு பேருக்குப் போடும் நீளம். சாம்பாரில் இனிப்பு. பரிமாறிய மதுரைப் பையன், "அங்கிள், இது கன்னடக்காரங்க, குஜராத்திங்க, நம்மாளுங்க, மூணு பேருக்கும் பொதுவான சாம்பார். யாருக்கும் பிடிக்காது, அதனால சண்டையும் இல்ல" என்றான். நான் இரண்டாம் கரண்டி வாங்கிக்கொண்டேன், அந்தப் பேச்சுக்காக.

நாலாம் நாள் சாமின் சிநேகிதன் ஒருவன் மன்ஹாட்டனில் உள்ள பெரிய நூலகத்தில் எந்தக் குடும்பத்தின் கேடயமும் கிடைக்கும் என்று சொன்னான். சாம் வேலைக்குப் போகும் ரயிலிலேயே ஒட்டிக்கொண்டு போனேன், குழாயோடு. ரயிலில் எல்லோரும் செய்தித்தாளை நாலாக மடித்து, அடுத்தவர்மேல் படாமல் படிக்கிறார்கள். யாரும் யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு மணி நேரம் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

நூலகத்தில் ஓர் அம்மாள் தலையணை மாதிரி ஒரு புத்தகத்தைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்து வைத்தாள். நான் எஸ்.எஸ்.எல்.சி.யோடு நின்றவன், ஆனால் தேயிலைத் தொழிற்சாலையில் முப்பது வருஷம் பெட்டிகளின் மேல் எஸ்டேட் மார்க் அடித்தவன். மார்க் ஒன்றுதான், தரத்துக்குத் தரம் கீழே ஒரு எழுத்து மாறும். அந்தக் கணக்கில் இது எனக்குச் சட்டென்று பிடிபட்டது. ஆல்டர்விக் கேடயம் இருந்தது: நீலத்தில் வெள்ளி மீன், மேலே தங்கக் கதிர்க்கட்டு இரண்டு. கறுப்பு வெள்ளையில் செதுக்கும்போது படுக்கைக் கோடு போட்டால் அது நீல நிறம் என்று அர்த்தமாம். தண்ணீர் இல்லை! இத்தனை வருஷம் துரையை வீணாக மீன் விற்கவிட்டோமே என்று உள்ளூர ஒரு வெட்கம். அலுமினியப் பெயிண்டும் மஞ்சளும் மட்டும் தற்செயலாகச் சரியாகிவிட்டன.

அடுத்த பக்கத்தில் மகன்களின் அடையாளங்கள் படம் போட்டிருந்தன. அப்பா உயிரோடு இருக்கும்வரை மூத்தவனுக்கு மூன்று பல் வைத்த சீப்புமாதிரி ஒரு பட்டை. இரண்டாமவனுக்குப் பிறை. மூன்றாமவனுக்கு நட்சத்திரம், ஐந்து முனை. நாலாமவனுக்குக் கால் இல்லாத ஒரு குருவி. உட்கார நிலம் இல்லாதவன் என்பதற்காகவாம்.

நட்சத்திரத்தின் மேல் விரலை வைத்தேன். ஐந்து முனையையும் தொட்டுப் பார்த்தேன். தீக்குச்சி போன இடம்.

எட்வர்ட் மூன்றாமவர். ஜார்ஜ்தான் இரண்டாமவர். பட்டம் பல் டாக்டருக்கு.

திரும்பும் ரயிலில் சாம் உடன் வரவில்லை, மீட்டிங். எடிசனில் இறங்கிப் படிக்கட்டு வரைக்கும் வந்தபிறகுதான் கை காலியாக இருப்பது தெரிந்தது. குழாய் மேல்தட்டிலேயே இருக்கிறது. ரயில் அசைகிறது. உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அப்போது பதற்றம் வரவில்லை. தோளிலிருந்து மூட்டை இறங்கியதுபோல் இருந்தது. தொலைந்துபோயிற்று, நான் என்ன செய்ய என்று சொல்லிவிடலாம்; ஹாங்கும் சாகும்வரை தான் பிரபுவாக இருக்கலாம் என்று நம்பிக்கொண்டிருப்பார்.

அந்த நிம்மதி பத்து வினாடிகூட இல்லை. டிக்கெட் பார்க்கும் கறுப்பர் ஒருவர், ஆறடிக்கு மேல், கதவு வழியாகத் தலையை நீட்டி, "ஐயா! உங்கள் தூண்டில் குழாய்!" என்று கத்திக்கொண்டே குழாயைப் பிளாட்பாரத்தில் உருட்டிவிட்டார். அது நேராக என் கால் வரைக்கும் வந்து நின்றது. கையை ஆட்டினேன். "பெரிய மீனாகப் பிடியுங்கள்!" என்றார்.

வீட்டில் ஒரு சபையே கூடிவிட்டது. சாப்பிடும்போது விஷயத்தைச் சொன்னேன்.

"மறந்துபோச்சுன்னு சொல்லுங்க" என்றாள் ரூபி. "உங்களுக்கு மறக்கிறது ஒன்னும் புதுசில்ல. போன வாரம் இன்சுலின மறந்தீங்க. எழுபது வயசு மனுஷன், ஏ.சி. ரிப்பேர் பண்ணிப் பொழைக்கிறாரு. அவரு ஆசையில மண்ணப் போடத்தான் ஏரோப்ளேன் ஏறி வந்தீங்களா?"

"அம்மா, அது சத்தியம் பண்ணி எழுதிக் கொடுக்கிற அஃபிடவிட். பொய் சொன்னா பெர்ஜுரி, ஜெயில்" என்றான் சாம்.

"மறந்துபோச்சுங்கிறது பொய்யாடா? வயசானவருக்கு மறக்காதா?"

"அப்ப அந்தப் பல் டாக்டரு?"

"அவனுக்குப் பல்லு இருக்கே, பிடுங்கட்டும்."

சாம் சோற்றைத் துப்பாமல் சிரிக்கப் பாடுபட்டான். நானும் சிரித்தேன். ஆனால் ரூபி சொன்னதில் இருந்த ஒன்று எனக்குள் அப்படியே நின்றது. நான் ஒன்றும் சொல்லாமல் இருந்தாலே போதும். யாருக்கும் தெரியப்போவதில்லை.

அடுத்த வாரம், ரூபியைக் குழந்தையோடு விட்டுவிட்டு, நான் மட்டும் டல்லாஸுக்குப் பறந்தேன். இடியும் மழையும் இறங்கவிடாமல் விமானம் ஒரு மணி நேரம் மேலேயே சுற்றியது. பக்கத்து சீட்டுக்காரப் பெண்மணி, தொப்பி வைத்தவள், என் கையைப் பிடித்துக்கொண்டு, "கவலைப்படாதீர்கள். இந்த ஊரில் வானம் கத்தும், கடிக்காது" என்றாள். பிடித்த பிடியைப் பார்த்தால் பயந்தது அவள்தான்.

கிரேஸுக்கு ஆபீஸ் என்பதால் ஏர்போர்ட்டுக்கு ஹாங்க்கே வந்திருந்தார். ஒல்லி உடம்பு, நீலச் சட்டை, பையில் ஸ்குரூ டிரைவர். என்னைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். "தேவ், என் கொள்ளுத்தாத்தாவைக் குளிப்பாட்டியவர் நீங்கள். உங்களுக்கு எப்படிக் கை கொடுப்பதென்று தெரியவில்லை" என்றார். நான் கட்டிப்பிடித்தேன். வேறென்ன செய்ய?

வண்டிக்குக் கூட்டிப்போனார். வெள்ளை வேன். 'லோதர்பி குளிர்சாதனம்' என்று எழுதி, கதவில் கேடயம். நீலம், வெள்ளி மீன், தங்கக் கதிர்கள். உச்சியில் ஒரு பிறை.

"நானே வரைந்தேன்" என்றார். "பிரஷ் நடுங்கிவிட்டது, மீன் கொஞ்சம் குண்டு."

"ஹாங்க், அந்த அடையாளத்தைப் பற்றி..."

"உஷ்!" உள்ளங்கையை நீட்டினார். "வக்கீல் கொன்றுவிடுவார். கையெழுத்துக்கு முன்னால் ஒரு வார்த்தை கூடாது. பேச வேண்டுமானால் மழையைப் பற்றிப் பேசுங்கள்."

மழையைப் பற்றிப் பேசினோம். 

வழியில் இறைச்சியைப் புகைபோட்டு வேகவைக்கும் ஒரு கடையில் நிறுத்தினார். தட்டு கிடையாது, பெரிய தாளில் போட்டுத் தருகிறார்கள். பதினாறு மணி நேரம் வெந்த மாட்டிறைச்சி. கத்தி காட்டினாலே பிரிகிறது. கூடவே வெறும் ரொட்டி, ஊறிய வெங்காயம். குழம்பு இருக்கிறதா என்று கேட்டேன். பரிமாறுபவர் என்னைப் பாவமாகப் பார்த்து, "இதில் குறை இருந்தால்தானே ஐயா, ஊற்றி மறைக்க?" என்றார். சரிதான். பையிலிருந்த ரூபியின் மிளகாய்ப்பொடியை ரகசியமாகத் தூவிக்கொண்டேன். ஹாங்க் பார்த்துவிட்டு அவரும் கை நீட்டினார். முதல் வாய்க்கே கண்ணில் தண்ணீர் வந்தது. இரண்டாம் தடவையும் கேட்டார்.

அவர் வீடு சின்னது. மனைவி இறந்துவிட்டார், பிள்ளைகள் இல்லை. சமையலறை மேஜையில் தாளை விரித்தோம். சர்க்கரை டப்பா, உப்பு டப்பா, இரண்டு குறடு என்று நாலு மூலைக்கும் பாரம். ஹாங்க் வெகுநேரம் குனிந்து பார்த்தார். பிறகு இழுப்பறையைத் திறந்து, துணியில் சுற்றிய ஒரு கரண்டியை எடுத்தார். கறுத்த வெள்ளிக் கரண்டி. காம்பில் ஒரு மீன், இரண்டு கதிர்.

"அப்பா விட்டுப்போனது இது ஒன்றுதான். நாங்கள் பிரபு வம்சம் என்று, தான் வேலை பார்த்த பஞ்சு அரவை மில்லில் ஒரு நாள் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து சாகும்வரை அவருக்கு ஊரில் பெயர் 'லார்ட்'. 'லார்ட், அந்த மூட்டையைத் தூக்கு. லார்ட், கக்கூஸ் அடைத்துவிட்டது.' இந்தக் கரண்டியைக் கொண்டுபோய்க் காட்டினார். சந்தையில் வாங்கியது என்றார்கள். பள்ளிக்கூடத்தில் என்னை 'லார்ட் குட்டி' என்பார்கள். நானும் ஒரு நாள் அவரிடம் கேட்டேன், ஏன் அப்பா பொய் சொன்னாய் என்று."

கரண்டியைத் தாள்மேல் வைத்தார். மீன் மீனோடு பொருந்தியது, செதிலுக்குச் செதில். கதிர்க்கட்டைச் சுற்றிய கயிற்று முடிச்சுகூட ஒன்றாகவே இருந்தது.

அவர் கரண்டியை அங்கேயே விட்டார். சிங்க்கில் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றார். நானும் கேடயத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், அவர் முகத்தைப் பார்க்காமல் இருக்க. ரூபி சொன்னது நூறு தடவை காதில் கேட்டது. மறந்துபோச்சுன்னு சொல்லுங்க.

மறுநாள் கிரேஸ் லீவு போட்டுவிட்டு வந்தாள். மூவரும் ஒரு வங்கிக்குப் போனோம். இங்கே நோட்டரி வங்கியிலேயே உட்கார்ந்திருக்கிறார். நம் கோர்ட் வாசல் மரத்தடி இல்லை. நோட்டரி ஓர் இளம்பெண், மேஜையில் மிட்டாய்க் கிண்ணம். 'வாரிசு' என்ற வார்த்தையைப் பார்த்ததும், "எண்ணெய்க் கிணறா?" என்று கேட்டாள். டெக்சாஸில் வாரிசு அஃபிடவிட் என்றால் பெரும்பாலும் நிலத்தடி எண்ணெய்க்குத்தானாம்.

"இல்லை. பிரபு பட்டம்" என்றார் ஹாங்க்.

"அதிலிருந்து என்ன வரும்?"

"ஒன்றும் வராது. ஒரு பெயர் வரும்."

"அதற்கா இத்தனை தாள்!" என்று அவள் எனக்கு ஒரு மிட்டாயை நகர்த்தினாள்.

வக்கீல் அனுப்பிய தாள் நல்ல தெளிவாக இருந்தது. நான் யார், கல்லறை எது, எப்போது அடைத்தேன், எப்படி உடைத்தேன். கடைசியில், 'நான் அப்போது பார்த்த அடையாளத்தின் வடிவம்' என்று எழுதி, அடுத்து ஒரு வரி காலி. வலது கையைத் தூக்கி, சொல்வதெல்லாம் உண்மை என்று சொன்னேன். ஹாங்க் நாகரிகமாக எழுந்து, ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். முதுகைக் காட்டிக்கொண்டு நின்ற அந்த ஒரு நிமிஷம்தான் கடினம். திரும்பிப் பார்த்திருந்தால்கூடத் தேவலை.

கிரேஸ் குனிந்து காதில், "என்ன எழுதினாலும் சரிப்பா. உங்க இஷ்டம்" என்றாள். அவளுக்கு நான் இன்னும் எதையும் சொல்லியிருக்கவில்லை.

மறந்துவிட்டது என்று எழுதப் பேனாவைக் கொண்டுபோனேன். பாதி வழியில் ஒன்று தோன்றியது. அப்பாவை ஊர் நம்பவில்லை என்பதுதான் இந்த மனுஷனின் நோவு. அந்த வீட்டுக்குள்ளே இன்னொரு பொய்யை நான் கொண்டுபோய் வைத்தால், நாளைக்கு அந்தக் கரண்டிகூடச் சந்தைக் கரண்டி ஆகிவிடும். 'நட்சத்திரம். ஐந்து முனை. ஒவ்வொன்றையும் தீக்குச்சியால் அடைத்தேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நோட்டரி முத்திரையை அழுத்தினாள்.

வேனில் ஏறி, ஏ.சி.யைப் போட்டுவிட்டு, ஹாங்க் தாளைப் படித்தார். 

"ஐந்தா?" என்றார்.

"ஐந்து."

"தீக்குச்சியாலா?"

"ஆமாம். மன்னித்துவிடுங்கள், ஹாங்க்."

"எதற்கு? அடைத்ததற்கா, ஞாபகம் வைத்ததற்கா?" தாளை நெஞ்சில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்தார். பிறகு தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறாரென்று கிரேஸ் என் கையைப் பிடித்தாள். சிரிக்கிறார். "வானத்திலிருந்து இறங்கி வந்த சாட்சி! மூன்றே மூன்று பிள்ளைகள், அதில் கடைசி! எங்கள் வீட்டில் யாரும் எதிலும் முதலில் வந்ததே இல்லை." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஆனால் அப்பா பொய் சொல்லவில்லை. அது மட்டும் நிச்சயம், இல்லையா?"

"செதிலுக்குச் செதில்" என்றேன்.

கிரேஸ் வீட்டுக்குத்தான் வந்தோம். காப்பி போட்டாள். ஹாங்க் இரண்டு வாய் குடித்துவிட்டு, "உன் போனைக் கொஞ்சம் பயன்படுத்தலாமா? தூரத்து ஊர்" என்று கேட்டார். எங்களுக்கு மாலை நாலு மணி; நியூசிலாந்தில் மறுநாள் காலை ஒன்பது. இரண்டு வருஷமாக அவரும் ஆலனும் வக்கீல்கள் வழியாகவே கடிதம் போட்டுக்கொண்டவர்கள். ஒருவர் குரலை ஒருவர் கேட்டதில்லை. கிரேஸ் ஸ்பீக்கரைப் போட்டாள்.

பல் ஆஸ்பத்திரியில் ஒரு பெண் எடுத்தாள்.

ஹாங்க் எழுந்து நின்று தொப்பியைக் கழற்றினார். "ஆல்டர்விக் பிரபுவிடம் பேச வேண்டும்."

"அப்படி யாரும் இங்கே இல்லையே. மேல் பல்லா, கீழ்ப் பல்லா?"

"ஆலன் லோதர்பி இருக்கிறாரா?"

ஆலன் வந்தார். "மை லார்ட், நான் டெக்சாஸிலிருந்து ஹாங்க்" என்றார் இவர். போன் வைக்கப்பட்டுவிட்டது.

"விளையாட்டுன்னு நெனச்சிட்டாரு போல" என்றாள் கிரேஸ். ஹாங்க் நிற்கிற இடத்தைவிட்டு அசையாமல் மறுபடி எண்களை அழுத்தினார். இந்தத் தடவை ஒரே மூச்சில், கல், பள்ளம், சிமெண்ட், தீக்குச்சி, நட்சத்திரம் என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, "பெரியவர் இதோ பக்கத்தில்தான் நிற்கிறார். நீங்கள்தான் பிரபு. முதலில் நானே சொல்ல வேண்டும் என்று நினைத்தேன்" என்று முடித்தார்.

 அந்தப் பக்கம் தூரத்தில் பல் ராவும் மெஷின் ஓடி நின்றது.

"ஹாங்க்," என்றது ஒரு சின்ன வயதுக் குரல், "உங்களுக்கு வருத்தமாக இருக்குமே."

"இருக்கிறது. நாளைக்குச் சரியாகிவிடும்."

"எனக்கு மூன்று பெண்கள். பெண்களுக்கு இது இறங்காது. எனக்குப் பிறகு யாருக்குப் போகும் தெரியுமா?"

ஹாங்க் விரல்விட்டு எண்ணினார். முகம் மெல்ல மலர்ந்தது. "எனக்கா?"

"உங்களுக்குத்தான்."

"உங்களுக்கு என்ன வயது, மை லார்ட்?"

"நாற்பத்திரண்டு."

"எனக்கு எழுபத்தொன்று" என்றார் ஹாங்க், நாற்காலியை இழுத்து உட்கார்ந்துகொண்டு. "நன்றாகச் சாப்பிடுங்கள். தினமும் நடங்கள். எனக்கு அவசரம் ஒன்றுமில்லை."